மதுரை, செட்டிநாடு, தஞ்சை: நகரமும் கிராமமும் சேர்ந்த ஒரு வாரப் பயணத்தைத் திட்டமிடும் முறை

விடுமுறையில் நகரத்தின் பரபரப்பையும் கிராமத்தின் அமைதியையும் ஒரே பயணத்தில் அனுபவிக்க விரும்புகிறவர்களுக்கு, மதுரையில் தொடங்கி, காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களில் தங்கி, புதுக்கோட்டை வழியாகத் தஞ்சாவூரில் முடியும் வழியையே நான் முதலில் சொல்வேன். மதுரையிலிருந்து காரைக்குடி ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அங்கிருந்து புதுக்கோட்டை 40, தஞ்சாவூர் மேலும் 60. ஆக மொத்தச் சாலைத் தொலைவு 200 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுவதால், எந்த நாளிலும் வண்டியிலேயே பொழுது கழிந்துவிடாது. அதே சமயம், இந்தக் குறுகிய தொலைவுக்குள் பெருநகரம், வறண்ட செம்மண் பூமி, குன்றும் குடைவரையும், ஆற்றுப்பாசன வயல் என்று நிலமே நான்கு விதமாக மாறுகிறது.

இதுவரை சுற்றுலா வேனில் பிறர் போட்ட திட்டப்படி மட்டுமே பயணம் செய்தவர்கள், முதன்முறையாகத் தாங்களே திட்டமிடும்போது எதை முதலில் முடிவு செய்வது, எதைப் பிறகு பார்ப்பது என்ற வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். அந்த வரிசையைத்தான் இங்கே சொல்ல முயல்கிறேன்.

முதலில் இரவுகளைப் பங்கிடுங்கள்

பெரும்பாலோர் பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியலிட்டுவிட்டு, அதன் பிறகு எங்கே தங்குவது என்று யோசிக்கிறார்கள். நானும் முதல் முறை அப்படித்தான் செய்தேன். ஐந்து இரவும் மதுரையிலேயே அறை எடுத்துக்கொண்டு, ஒரு நாள் காலையில் கிளம்பிச் செட்டிநாட்டைப் பார்த்துவிட்டு இரவே திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். கானாடுகாத்தானை அடைந்தபோது உச்சிவெயில். அங்குள்ள பழைய பெரிய வீடுகளைத் திறந்துகாட்டும் காவலாளிகள் சாப்பிடப் போய்விட்டிருந்தார்கள். தெருவில் நிழலே இல்லை. பூட்டிய கதவுகளையும் நீண்ட மதில்களையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த முறை அதே ஊரில் இரண்டு இரவு தங்கியபோதுதான், காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் அந்தத் தெருக்களில் நடப்பது எப்படிப்பட்ட அனுபவம் என்று தெரிந்தது. கிராமத்தின் நல்ல பொழுதுகள் விடியலிலும் அந்தியிலும் இருக்கின்றன. அங்கேயே தங்குகிறவர்களுக்குத்தான் அவை கிடைக்கும்.

எனவே ஏழு நாள் கிடைக்குமானால், மதுரையில் இரண்டு இரவு, செட்டிநாட்டில் இரண்டு இரவு, தஞ்சாவூரில் இரண்டு இரவு என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து நாள்தான் கிடைக்கும் என்றால், மூன்று ஊர்களிலும் ஒவ்வோர் இரவு தங்குவதைவிட, மதுரையையும் செட்டிநாட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு தஞ்சையை இன்னொரு விடுமுறைக்கு ஒதுக்கிவிடுவது நல்லது. ஓர் ஊரில் ஒரே இரவு தங்கினால், பெட்டியைத் திறப்பதிலும் கட்டுவதிலும் அறைக்கணக்கு முடிப்பதிலுமே பாதி நாள் போய்விடும். முதியவர்களும் குழந்தைகளும் உடன் வந்தால் இது இன்னும் கடினமாகும்.

எந்த மாதம்

டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி முடிய உள்ள காலமே மூன்று இடங்களுக்கும் பொதுவாக ஏற்றது. அக்டோபரிலும் நவம்பரிலும் வடகிழக்குப் பருவமழை பெய்யும். அப்போது காவிரிப் படுகையில் வயலும் சாலையும் நீரில் மூழ்கும் நாட்கள் வரலாம். ஏப்ரல், மே மாத வெயிலில் கருங்கல் தரையில் வெறுங்காலோடு நடக்க முடியாது. ஆயினும் சித்திரைத் திருவிழாவையும் வைகையில் அழகர் இறங்குவதையும் பார்க்க விரும்புகிறவர்கள் அந்த வெயிலைத் தாங்கத்தான் வேண்டும். அதற்காக வருகிறவர்கள் அதை ஒரு தனிப் பயணமாகவே வைத்துக்கொள்ளட்டும். அந்த நாட்களின் கூட்டத்தில், கோயிலை அமைதியாகப் பார்ப்பது என்பது நடவாத காரியம்.

தஞ்சைப் பகுதியை ஆற்றில் தண்ணீரோடு பார்க்க வேண்டும் என்பவர்கள் இன்னொரு கணக்கையும் மனத்தில் கொள்ள வேண்டும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று பாசனத்துக்காகத் திறக்கப்பட்டு, ஜனவரி 28 அன்று மூடப்படும். நீர் இருப்பைப் பொறுத்து இந்தத் தேதிகள் முன்பின்னாகும். பிப்ரவரிக்குப் பிறகு போனால் பல இடங்களில் மணல்தான் தெரியும். ஜனவரியில் போனால் ஆற்றில் தண்ணீரையும், சம்பா கதிர் முற்றி நிற்கும் வயல்களையும், சில ஊர்களில் அறுவடையையும் ஒருசேரக் காணலாம். ஆனால் பொங்கல் வாரத்தில் ரயில் இடமும் அறையும் கிடைப்பது அரிது. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுகளைப் பார்க்கும் எண்ணம் இல்லாதவர்கள், பொங்கல் முடிந்து நாலைந்து நாள் கழித்துக் கிளம்பினால் போதும்.

முன்பதிவின் வரிசை

தேதி முடிவானதும், முதலில் பதிவு செய்ய வேண்டியது செட்டிநாட்டுத் தங்குமிடம். கானாடுகாத்தானிலும் அதைச் சுற்றிலும் பழைய வீடுகள் சிலவற்றைத் தங்கும் விடுதிகளாக மாற்றியிருக்கிறார்கள். அவற்றில் அறைகள் குறைவு என்பதால், வார இறுதிகளிலும் பண்டிகைக் காலத்திலும் விரைவாக நிரம்பிவிடும். அங்கே கிடைத்த தேதிகளை வைத்துக்கொண்டு மதுரை, தஞ்சை அறைகளை முன்பின்னாக அமைத்துக்கொள்வது எளிது. அந்த இரு நகரங்களிலும் எல்லா வாடகையிலும் அறைகள் நிறைய உள்ளன. செலவைக் குறைக்க விரும்புகிறவர்கள் காரைக்குடியிலுள்ள சாதாரண லாட்ஜில் தங்கலாம். அங்கிருந்து கானாடுகாத்தான் 15 கிலோமீட்டர்தான்.

அடுத்தது ரயில். இப்போது 60 நாட்களுக்கு முன்பிருந்துதான் முன்பதிவு செய்ய முடியும் என்பதால், அந்த நாளைக் குறித்துவைத்துக்கொண்டு காலையிலேயே பதிவு செய்துவிடுங்கள். சென்னையிலிருந்து வருகிறவர்கள் இரவில் புறப்படும் பாண்டியன் விரைவு ரயிலில் ஏறினால் காலையில் மதுரையில் இறங்கலாம். திரும்பும் பயணச்சீட்டை மதுரையிலிருந்து எடுக்காமல், தஞ்சாவூரிலிருந்தோ கும்பகோணத்திலிருந்தோ எடுங்கள். போன வழியே திரும்பி வருவதற்கு ஒரு முழு நாள் வீணாவதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. சென்னைக்கு உழவன் விரைவு ரயில் தஞ்சாவூரில் புறப்பட்டுக் கும்பகோணம் வழியாக இரவில் செல்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மதுரை விமான நிலையத்தில் இறங்கித் திருச்சி விமான நிலையத்தில் ஏறும்படி அமைத்துக்கொள்ளலாம். தஞ்சாவூரிலிருந்து திருச்சி 60 கிலோமீட்டருக்குள்தான்.

மதுரை அறையைத் தேர்ந்தெடுக்கும்போது வாடகையைவிட இடத்தையே முக்கியமாகப் பாருங்கள். ரயில் நிலையத்துக்கும் மீனாட்சியம்மன் கோயிலுக்கும் இடைப்பட்ட மேற்குப் பகுதியில் தங்கினால், கோயிலுக்கு நடந்தே போய்வரலாம். புறநகரிலுள்ள பெரிய விடுதியில் தங்கினால், அதன் வசதிகள் எல்லாம் இருந்தும், நகரத்தைப் பார்க்க ஒவ்வொரு முறையும் நெரிசலில் வண்டி பிடிக்க வேண்டியிருக்கும்.

வண்டி எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்

இந்தப் பயணத்தில் செலவு கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் வாடகைக் காரைப் பொறுத்ததே. வெளியூர் வாடகைக்குக் கார் எடுத்தால், ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாளொன்றுக்கு 250 அல்லது 300 கிலோமீட்டருக்குக் குறையாமல் கணக்கிடுவார்கள். ஓட்டுநர் பேட்டா, சுங்கக் கட்டணம், வண்டி நிறுத்தும் கட்டணம் எல்லாம் தனி. மதுரை நகருக்குள் சுற்றும் இரண்டு நாட்களில் கார் ஓடப்போவது பத்து கிலோமீட்டர்கூட இராது. எனவே நகரத்தில் இருக்கும்வரை காலும் ஆட்டோவும் டவுன் பஸ்ஸுமே போதும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

செட்டிநாட்டில் நிலைமை நேர்மாறானது. ஊர்கள் ஐந்து, பத்து கிலோமீட்டர் இடைவெளியில் சிதறிக் கிடக்கின்றன; பஸ் இருந்தாலும் அடிக்கடி வராது. மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து காரைக்குடிக்குப் பஸ்ஸில் சென்று, அங்கே உள்ளூர் வண்டியை நாள் வாடகைக்குப் பேசிக்கொள்வது இருவர் மட்டும் செல்லும் பயணத்துக்குச் சிக்கனமானது. நான்கு பேரோ அதற்கு மேலோ இருந்தால், மூன்றாம் நாள் காலையில் மதுரையில் காரை எடுத்து ஐந்தாம் நாள் மாலையில் தஞ்சாவூரில் விட்டுவிடலாம். வண்டி காலியாகத் திரும்பும் தொலைவுக்கும் பணம் கேட்பார்கள் என்பதால், அதைப் பேசி எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம் கொடுங்கள். குறுஞ்செய்தியாக வாங்கிக்கொண்டாலும் போதும்.

மதுரையில் இரண்டு நாள்

இந்தப் பயணம் முழுவதற்கும் பொருந்தும் ஒரு விதி உண்டு. கோயில்கள் பெரும்பாலும் நண்பகல் 12.30 மணி அளவில் நடை சாத்தி, மாலை 4 மணிக்கு மேல்தான் திறக்கும். அந்த மூன்றரை மணி நேரத்தை என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் களைப்பின்றிப் பயணத்தை முடிக்கிறார்கள். அருங்காட்சியகம், மதிய உணவு, உறக்கம், ஊர்விட்டு ஊர் செல்லுதல் ஆகிய நான்கையும் அந்த இடைவெளியிலேயே வையுங்கள்.

மதுரையின் அமைப்பைப் புரிந்துகொள்ள, கோயிலை மையமாக வைத்துச் சுற்றிச் சுற்றி அமைந்த வீதிகளில் ஒருமுறை நடந்து பாருங்கள். கோயிலுக்குள் ஆடி வீதி. மதிலுக்கு வெளியே சித்திரை வீதி. அதன் பிறகு ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று வட்டம் விரிந்துகொண்டே போகும். மாதத்தின் பெயரைத் தாங்கிய வீதிகளில் அந்தந்த மாதத் திருவிழாக்களில் சுவாமி உலா வந்ததே பெயர்க் காரணம் என்பார்கள். காலை ஆறு மணிக்குச் சித்திரை வீதியில் தொடங்கி ஒவ்வொரு வட்டமாக வெளியே வந்தால், இரண்டு மணி நேரத்தில் பழைய நகரத்தின் வரைபடம் மனத்தில் பதிந்துவிடும். கோயிலுக்குள் கைபேசி அனுமதி இல்லை. அறையிலேயே வைத்துவிட்டுப் போனால், காப்பறை வரிசையில் நிற்கும் நேரம் மிச்சமாகும்.

1636-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலுக்கும், ராணி மங்கம்மாள் காலத்துத் தமுக்கம் அரண்மனையில் 1959 முதல் இயங்கும் காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்கும் ஒரு பகல் போதும். காந்தி மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறிய ஊர் இது. 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதியில் தாம் தங்கியிருந்த வீட்டில் அந்த முடிவைச் செயல்படுத்தினார். அந்த வீட்டையும் பார்த்துவிட்டு அருங்காட்சியகத்துக்குப் போனால், அங்குள்ள பொருள்கள் வேறுவிதமாகப் பேசும்.

இரண்டாம் நாள் காலையைக் கீழடி அகழாய்வு அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள். நகரத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில், சிவகங்கை மாவட்டத்துக்குள் இருக்கும் அந்த அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. அங்கே காட்சிக்கு வைத்திருக்கும் பானையோடுகளில் கீறிய பெயர்களைப் பொறுமையாகப் படித்துப் பார்க்கும்படி குழந்தைகளிடம் சொல்லுங்கள். இரவில் பருத்திப்பாலும் கறி தோசையும் சாப்பிடக் கிளம்புகிறவர்கள், மறுநாள் காலையில் நீண்ட பயணம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

செட்டிநாட்டுக்குப் போகும் வழியும், அங்கே தங்கும் நாட்களும்

மூன்றாம் நாள் காலையில் மேலூர், திருப்பத்தூர் வழியாகப் புறப்படுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போகிறவர்கள் திருப்பத்தூருக்கு முன்பாகச் சற்றே உள்ளே திரும்பி, வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தில் ஒரு மணி நேரம் நின்று செல்லலாம். கண்மாய் மரங்களில் தங்கும் பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காகக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. பறவைகளைவிட அந்த ஊராரின் பொறுமையைத்தான் நான் அங்கே அதிகம் வியந்திருக்கிறேன். மழை பொய்த்த ஆண்டுகளில் கண்மாய் வறண்டு பறவைகள் வாராமல் போகும் என்பதால், தங்கும் விடுதியில் கேட்டுக்கொண்டு திரும்புங்கள். அதன்பின் பிள்ளையார்பட்டிக் குடைவரையை நடை சாத்தும் முன்பு பார்த்துவிட்டு, மதிய உணவுக்குத் தங்குமிடம் சேர்ந்துவிடலாம். அங்கே சாப்பாடு வேண்டும் என்றால், எத்தனை பேர் என்று முந்தின நாளே சொல்லிவிட வேண்டும்; ஆள் கணக்குக்குத்தான் சமைப்பார்கள். கிராமங்களில் மதியம் மூன்று மணிக்கு மேல் உணவுக்கடை தேடுவது வீண்.

செட்டிநாட்டு வீட்டைப் பார்க்கும்போது அதன் வரிசையைப் புரிந்துகொண்டு பார்த்தால் சுவை கூடும். முகப்பில் விருந்தினரை வரவேற்கும் திண்ணை, அதைக் கடந்தால் திறந்த முற்றத்தைச் சுற்றி வளவு எனப்படும் உள்வீட்டுப் பகுதியும் இரட்டை அறைகளும், அதற்கும் பின்னே இரண்டாம் கட்டு, கடைசியில் அடுப்படி. ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லைக் கதவுமாக நீளும் வீடுகள் பல உண்டு. முகப்பிலிருந்து பார்த்தால் கதவுக்குள் கதவாகப் பார்வை கொல்லை வரை ஓடும். பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டித்தொழில் செய்த, நகரத்தார் எனப்படும் இவ்வூர்ச் செட்டியார்கள் கொண்டுவந்த பர்மாத் தேக்கும், கப்பலில் வந்த பளிங்கும், முட்டை வெள்ளைக் கருவும் சுண்ணாம்பும் சேர்த்து மெருகிட்ட சுவர்களும் இன்றும் வழவழப்பாக இருக்கின்றன. கூரை நீர் முற்றத்தில் விழுந்து வடிந்துபோகும் ஏற்பாட்டையும், ஊருக்கு வெளியே மழைநீரைத் தேக்கிய ஊருணியையும் சேர்த்துப் பாருங்கள். இந்த வறண்ட நிலத்தில் இத்தனை ஊர்கள் எப்படி நிலைத்தன என்பது அங்கே விளங்கும். இந்த ஊர்களின் தொகுப்பு 2014 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கிறது.

பெரும்பாலான வீடுகள் பல பங்காளிகளுக்குப் பொதுவானவை. சடங்குக்கும் திருமணத்துக்கும் மட்டுமே திறக்கப்படுபவையும் உண்டு. எனவே ‘இன்ன வீட்டை இன்ன மணிக்குப் பார்ப்போம்’ என்று திட்டத்தில் எழுதாதீர்கள். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் தெருவில் நடந்து, காவலாளி இருக்கும் வீட்டில் அனுமதி கேட்டு, அவர்கள் சொல்லும் சிறு தொகையைக் கொடுத்துப் பாருங்கள். செருப்பைப் படிக்கட்டிலேயே விட்டுவிடுங்கள். பூசையறைப் பக்கம் போகும் முன்பும், படம் எடுக்கும் முன்பும் கேட்பது மரியாதை. பராமரிக்க முடியாமல் பிரிக்கப்படும் வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்பதைக் காணும்போது மனம் கனக்கிறது. முழுதாக நிற்கும் வீட்டுக்கு நாம் கொடுக்கும் நுழைவுத் தொகைக்கு அதனால்தான் ஒரு பொருள் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான்காம் நாள் காலையை ஆத்தங்குடிக்குக் கொடுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, அதன்மேல் உலர் மணலும் சிமென்ட்டும் இட்டு அழுத்தி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்கும் தரையோடுகளை அங்கே கையாலேயே செய்கிறார்கள். சூளையில் சுடுவதே இல்லை. பளபளப்புக்குக் காரணம் அந்தக் கண்ணாடிதான். ஓடு கனமானது, நினைவுக்கு ஒன்றிரண்டு வாங்கினால் துணிகளுக்கு நடுவே வைத்துக் கட்டுங்கள். மாலையில் எதையும் வைத்துக்கொள்ளாமல் ஊருணிக் கரையில் உட்காருங்கள். வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். பணம் எடுக்கும் இயந்திரத்தையும் மருந்துக் கடையையும் காரைக்குடியிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

புதுக்கோட்டைச் சாலை

ஐந்தாம் நாள் தஞ்சைக்கு நேராக ஓடினால் இரண்டரை மணி நேரம். ஆனால் வழியில் நிற்பதற்காகவே இந்த நாள். காலையில் திருமயம். 1687-இல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டையின் மேலிருந்து சுற்றுப்புறச் செம்மண் காட்டைப் பார்த்துவிட்டு, அதே குன்றின் அடிவாரத்தில் அருகருகே இருக்கும் சிவன், பெருமாள் குடைவரைகளுக்கு இறங்குங்கள். பிறகு புதுக்கோட்டையிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள சித்தன்னவாசல். அங்குள்ள குடைவரையான அறிவர் கோயிலின் விதானத்தில் தாமரைக் குளத்தை வரைந்திருக்கும் சமண ஓவியம் மங்கித்தான் இருக்கிறது. கண் இருளுக்குப் பழகும்வரை ஐந்து நிமிடம் நின்றால் மீனும் அன்னமும் பூப்பறிக்கும் உருவங்களும் ஒவ்வொன்றாகத் தெளியும். அவசரப்பட்டு வெளியே வந்தவர்கள் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மேலே, சமணத் துறவிகளின் கற்படுக்கைகள் உள்ள ஏழடிப்பட்டம் குகைக்கு ஏறுவதை வெயில் தணிந்த நாளில் மட்டும் செய்யுங்கள். நண்பகலில் அந்தப் பாறை அனலாக இருக்கும். தண்ணீர் கையோடு இருக்கட்டும்.

தஞ்சையும் காவிரிக் கரையும்

மாலை ஐந்து மணிக்குள் தஞ்சாவூர் வந்துவிட்டால், அன்றே பெரிய கோயிலுக்குப் போய்விடுங்கள். 1010-இல் நிறைவுற்ற அந்த விமானத்தின் மீது சாயுங்காலச் சூரியன் படும் அரை மணி நேரத்துக்காக வேறு எதையும் விட்டுவிடலாம். மறுநாள் காலையில் மீண்டும் போய், அதிட்டானம் என்னும் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை நிதானமாகப் பார்ப்பது நலம். யார் எவ்வளவு கொடுத்தார்கள், விளக்கெரிக்க எத்தனை ஆடு விட்டார்கள் என்பதெல்லாம் அந்தக் கல்லிலேயே இருக்கிறது. பகலில் அரண்மனையின் கலைக்கூடத்துச் செப்புத் திருமேனிகளும் சரசுவதி மகால் நூலகமும். மாலையில் ஒரு ஆட்டோவோ டவுன் பஸ்ஸோ பிடித்துப் பதின்மூன்று கிலோமீட்டர் தள்ளியுள்ள திருவையாற்றுக்குப் போனால், வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி ஆகிய ஆறுகளை ஒவ்வொன்றாகக் கடந்து கடைசியில் காவிரிப் படித்துறையில் இறங்குவீர்கள். நகரத்துக்குள் தங்கிக்கொண்டே கிராமத்தைப் பார்க்கத் தஞ்சையைப் போல எளிதான ஊர் இல்லை.

கடைசி நாளில் அறையைக் காலி செய்து, பெட்டிகளோடு நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள கும்பகோணத்துக்கு வந்து, அவற்றை ரயில் நிலையத்தில் ஒப்படைக்க வசதி உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் நிலையத்துக்கு அருகே அரை நாளுக்கு ஓர் அறை எடுத்துக்கொள்வது, நாள் முழுவதும் சுமையோடு அலைவதைவிட மேல். காலையில் சுவாமிமலைக்குச் சென்றால், மெழுகில் உருவத்தைச் செய்து, அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிய இடத்தில் உலோகத்தை வார்க்கும் பட்டறைகளைப் பார்க்கலாம். வார்ப்பை எடுக்க அச்சை உடைக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு சிலையும் தனித்த ஒன்றே. நண்பகல் இடைவெளியில் சாப்பிட்டு ஓய்வெடுத்துவிட்டு, நான்கு மணிக்குத் தாராசுரம் போங்கள். இரண்டாம் ராசராசன் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலின் தேர் மண்டபத்தை எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். விமானத்தின் அடிப்பகுதியில் கையளவே உள்ள நாயன்மார் சிற்ப வரிசையைக் குனிந்து பார்க்கிறவர்கள் குறைவு. ஒரு சிறிய கைவிளக்கு இருந்தால் உதவும். இருட்டும் வரை அங்கேயே இருக்கலாம்; கும்பகோணம் ரயில் நிலையம் ஐந்து கிலோமீட்டர் தொலைவுக்குள்தான் இருக்கிறது.